25 வருஷம் பெடல் மெஷினில் தைத்த கைக்குக் கம்ப்யூட்டர் மெஷின் ஏன் அடங்குவதில்லை?

நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மன்னார்குடிப் பக்கம் கிராமத்தில் 25 வருஷமாகப் பெடல் மெஷினில் ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறீர்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது ஒரு கம்ப்யூட்டர் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நூறு தையல் இருக்கிறதாம், எதிலிருந்து ஆரம்பிப்பது என்பது முதல் கேள்வி. நாலு அங்குலம் ஓடுவதற்குள் துணிக்கு அடியில் நூல் கூடு கட்டி, மெஷின் கத்தி நின்றுபோய், திரையில் ஈ என்று ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் வருகிறது, மெஷின் பழுதா என்பது இரண்டாவது. பழையதை விற்றுவிடலாமா என்பது மூன்றாவது. ஆனால் கடைசி வரியில் "இத்தனை வருஷம் தைத்த கைக்கு இது அடங்க மாட்டேன் என்கிறது, எனக்கு வயசாகிவிட்டதா" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களை உறுத்துவது அதுதான் என்று தோன்றுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை அக்கா, வயசுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பெடல் மெஷினில் நமக்குச் சோறு போட்ட மூன்று நாலு பழக்கம் இந்த மெஷினுக்கு ஒத்துவராது. அந்தப் பழக்கம் எதுவும் இல்லாத 18 வயதுப் பெண் ஒரு வாரத்தில் இதைப் பிடித்துக்கொள்வாள், நமக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். துணி எந்தப் பக்கம் இழுக்கும், கைக்குழியில் எங்கே வெட்டுக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது, அதை எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லித் தராது.

நான் கும்பகோணத்தில் 22 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன், மாலையில் வகுப்பும் எடுக்கிறேன். கடையில் இரண்டு பெடல் மெஷின், ஒரு பவர் மெஷின், ஏழு வருஷமாக ஒரு கம்ப்யூட்டர் மெஷின் ஓடுகின்றன. நான் மெக்கானிக் கிடையாது, உள்ளே இருக்கும் போர்டையோ மோட்டாரையோ ஒருநாளும் பிரித்ததில்லை. அதனால் நூல், ஊசி, துணி, அடி நூல் சுற்றிய பாபின் வரைக்கும் உறுதியாகச் சொல்வேன், அதற்கு மேல் போனால் நேரில் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது தீராமல் மற்றது நகராது. துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால் எல்லோரும் பாபினைத்தான் சந்தேகப்படுவோம், கீழே நடப்பது கீழே இருப்பதன் தப்பு என்று மனசு சொல்லும். ஆனால் அடியில் கூடு கட்டினால் அநேகமாக எப்போதும் தப்பு மேல் நூலில்தான். மேல் நூலைப் பிடித்துக்கொள்ள இரண்டு சின்னத் தட்டுகள் இருக்கின்றன, டென்ஷன் தட்டு என்போம். பெடல் மெஷினில் அது வெளியே ஸ்பிரிங்கோடு கண்ணுக்குத் தெரியும், நூல் உள்ளே போய் உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொண்டே கோத்துவிடலாம். உங்கள் புது மெஷினில் அந்தத் தட்டு உடம்புக்குள் ஒளிந்திருக்கிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் கீழே இறங்கியிருந்தால் தட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், மேலே தூக்கினால்தான் திறக்கும். நாம் வழக்கம்போல ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு, படத்தில் 1, 2, 3 என்று போட்டிருக்கும் வழியில் நூலை ஒழுங்காகக் கொண்டுபோவோம். வழி சரிதான், ஆனால் நூல் தட்டுக்கு நடுவில் போகாமல் மேலேயே மிதந்துகொண்டிருக்கும். பிடிமானம் இல்லாத நூலை ஊசி கீழே கொண்டுபோனதும் அது மேலே ஏறி வராமல் அடியிலேயே சுருண்டுகொள்ளும். கூடு கட்டுவது இப்படித்தான்.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். மெஷினை அணைத்துவிட்டுச் சிக்கிய நூலை இழுக்காமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள், இழுத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பாபின் கேஸில் கீறல் விழும், அப்புறம் அந்தக் கீறலிலேயே நூல் மாட்டும். மேல் நூலை முழுசாக உருவிவிடுங்கள். மறுபடி ஆன் செய்து, ஊசியை மேலே தூக்கும் பட்டனை ஒரு தட்டுத் தட்டுங்கள், இல்லையென்றால் நூலை மேலும் கீழும் இழுக்கும் அந்தக் கொக்கி உள்ளே மறைந்தே இருக்கும், அதில் நூல் விழாவிட்டாலும் இதே கூடுதான். இப்போது ஃபுட்டை மேலே தூக்கி, மெஷினை மறுபடி அணைத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து கோத்துக்கொண்டு வாருங்கள். கோத்த பிறகு ஃபுட் மேலே இருக்கும்போது நூல்முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் சும்மா வழுக்கிக்கொண்டு வரும். ஃபுட்டைக் கீழே இறக்கி அதே நூலை இழுங்கள், இப்போது கையில் பாரம் தெரிய வேண்டும், ஊசியே லேசாக வளைகிற மாதிரி இருக்கும். அந்தப் பாரம் தெரிந்தால் நூல் தட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். தெரியாவிட்டால் மறுபடி உருவிக் கோக்க வேண்டியதுதான். என் வகுப்பில் தைக்க ஆரம்பிக்கும் முன் எல்லோரும் இந்த ஒரு இழுப்பை இழுத்தே ஆக வேண்டும், அரை நிமிஷம்கூட ஆகாது.

பாபின் சமாச்சாரம் இரண்டே. மேலிருந்து போடும் மெஷின்களில் பெரும்பாலும் பாபினைப் பள்ளத்தில் வைத்து நூலை இழுத்தால் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், மூடியின் பக்கத்தில் படமே போட்டிருப்பார்கள். மெஷினோடு வந்த பிளாஸ்டிக் பாபின் போலவே அதே அளவில்தான் மற்ற பாபினும் வாங்க வேண்டும். பெடல் மெஷினின் இரும்பு பாபின் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், போட்டால் உட்காரவும் செய்யும், ஆனால் உயரத்தில் ஒரு அரிசி நுனி அளவு வித்தியாசம் இருந்தாலே தையல் விட்டுவிட்டு விழும்.

திரையில் வரும் அந்த எழுத்தைக் கண்டு பயப்படாதீர்கள். நூல் சிக்கி மோட்டார் சுற்ற முடியாமல் திணறினால், எரிந்துபோகாமல் இருக்க மெஷின் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், அதைத்தான் எழுதிக் காட்டுகிறது. பெடல் மெஷினில் நூல் சிக்கினால் காலில் பாரம் தெரியும், நாமே நிறுத்துவோம், இங்கே அந்த வேலையை மெஷின் பார்க்கிறது. எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கூடவே வந்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும், மகனை விட்டு ஒருமுறை படித்துத் தமிழில் எழுதித் தரச் சொல்லி மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சிக்கலையெல்லாம் எடுத்து, ஊசித் தட்டைக் கழற்றிப் பிரஷ்ஷால் துடைத்து, புது ஊசி போட்டு, நூலும் துணியும் இல்லாமல் வெறுமனே ஓட்டியும் அதே எழுத்து வந்தால் அது நம் கையில் இல்லை. அப்போது சர்வீஸுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வெளிநாட்டில் வாங்கிய மெஷினுக்கு இங்கே வாரண்டி செல்லுமா என்று கார்டைப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும்.

ஊசியைப் பற்றி. இந்த மெஷின்களின் ஊசித் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அந்தத் தட்டைப் பக்கம் உங்களுக்கு எதிர்ப்புறமாக, பின்னால் இருக்க வேண்டும். பாக்கெட்டில் 130/705 எச் என்றோ, எச்ஏ எக்ஸ் 1 என்றோ போட்டிருக்கும். பவர் மெஷினுக்குப் போடும் டிபி எக்ஸ் 1 ஊசியின் தண்டு உருண்டை, அது இதற்கு ஆகாது. பெடல் மெஷினில் பக்கவாட்டில் கோத்த பழக்கத்தில் கை அந்தப் பக்கமே போகும், இதில் முன்னாலிருந்து பின்னால் கோக்க வேண்டும். சாதா காட்டன், லைனிங், மெல்லிய பட்டுக்கு 11ஆம் நம்பர், யூனிஃபார்ம் துணிக்கு 14, ஜீன்ஸ் மாதிரி கனத்துக்கு 16, டி-ஷர்ட் துணிக்கு முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி. ஊசி உடைகிற வரைக்கும் காத்திருக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று பொதுவாகச் சொல்வார்கள், அது வெறும் கணக்குதான், நான் மூன்று நாலு ஜாக்கெட்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இருப்பவர்கள் ஊசி பாக்கெட்டை மூடி போட்ட டப்பாவில் வைப்பது நல்லது, துரு ஏறிய ஊசி பட்டில் ஏறும்போதே இழை இழுத்துவிடும்.

இப்போது பழக்கங்கள். நாம் எல்லோரும் செய்வது, தைக்கும்போது இடது கையால் துணியைப் பின்பக்கம் லேசாக இழுப்பது. பெடல் மெஷின் அதைத் தாங்கும். இது தாங்காது. ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே தப்பை நானும் செய்தேன். திருபுவனம் பட்டில் ஒரு கல்யாண ஜாக்கெட், முதுகுப் பக்கம் பட்டி வைத்துத் தைக்கும்போது பழக்கதோஷத்தில் துணியைப் பின்னால் இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம், ஊசி வளைந்து தட்டில் அடித்து முனை உடைந்து, பட்டில் ஒரு சிறு ஓட்டையும் விழுந்துவிட்டது. அந்தப் பட்டியை அரை அங்குலம் அகலமாக்கி ஓட்டையை மறைத்துக் கொடுத்தேன், உரிய அம்மாவிடம் விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் இரண்டு கையும் ஃபுட்டுக்கு முன்னால்தான், இடது கை துணியைத் தட்டையாகப் படுக்க வைக்க, வலது கை வழிகாட்ட. நகர்த்துகிற வேலையை ஃபுட்டுக்கு அடியில் இருக்கும் பற்களிடம் விட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு மென்மை என்றால் உள்ளே வேலை நடக்கும் முறையே வேறு. பெடல் மெஷினில் ஒரு சக்கரம் சுற்றினால் கம்பியும் தண்டுமாக எல்லாம் சேர்ந்து அசையும். இதில் மெயின் மோட்டார் ஊசியை மேலும் கீழும் ஓட்டும், ஊசியைப் பக்கவாட்டில் நகர்த்தவும் தையல் நீளத்தை அளக்கவும் தனியாகச் சின்ன ஸ்டெப்பர் மோட்டார்கள் இருக்கும், எந்த நேரத்தில் எவ்வளவு நகர வேண்டும் என்று உள்ளே இருக்கும் சிப் சொல்லும். நூறு தையல் என்பது நூறு பாகம் கிடையாது, அதே ஊசிக்குச் சொல்லும் நூறு விதமான உத்தரவு. (வீட்டு மெஷினில் எலக்ட்ரானிக்ஸ் வந்து ரொம்ப நாளாகிறது, சிங்கர் அதீனா 2000 வந்தது 1975இல்.) இதனால் ஒரு ஆபத்து உண்டு. சில தையலுக்கு ஊசி நடுவில் நிற்கும், சிலதற்கு இடது ஓரம் போகும், ஜிக்ஜாகுக்கு இரண்டு பக்கமும் ஆடும். சிறிய ஓட்டை உள்ள ஃபுட்டை மாட்டிக்கொண்டு ஜிக்ஜாக் எண்ணைத் தட்டினால் ஊசி நேராக இரும்பில் இறங்கும். எந்தத் தையலைத் தேர்ந்தாலும் எந்த ஃபுட் என்று திரையிலேயே ஒரு எழுத்து காட்டும், அதைப் பாருங்கள், அப்புறம் ஓட்டும் முன் பக்கச் சக்கரத்தை உங்களை நோக்கி இரண்டு மூன்று சுற்றுக் கையால் சுற்றி ஊசி எங்கேயும் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டாம்.

அடுத்தது கால். இரண்டு காலும் மாற்றி மாற்றி ஆட்டிய பழக்கத்தில் புது மிதியை மிதித்தால் மெஷின் துள்ளிக்கொண்டு ஓடும். என் அபிப்பிராயம், முதல் மூன்று நாள் மிதியைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்டார்ட் பட்டன் இருக்கிறது, வேகம் குறைக்கும் தள்ளுபட்டனை ஆமை படத்துப் பக்கமோ கடைசி இடது பக்கமோ வைத்துவிட்டுப் பட்டனில் ஓட்டிப் பழகுங்கள். மிதி மாட்டியிருந்தால் பல மெஷின்களில் ஸ்டார்ட் பட்டன் வேலை செய்யாது, அதையும் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். மிதியிலேயே பழக வேண்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு, அது அவரவர் காலைப் பொறுத்தது.

எண்ணெய் விஷயத்தில் கறாராக இருங்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் எல்லா ஓட்டையிலும் எண்ணெய் விட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த மெஷின்களில் பலவற்றுக்கு நாம் எண்ணெய் விடவே கூடாது, சிலவற்றுக்கு மட்டும் பாபின் பகுதியில் ஒரு சொட்டு என்று புத்தகம் சொல்லும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். எண்ணெயைவிட இதற்குத் தேவை சுத்தம். தை, மாசியில் அறுவடை மெஷின் ஓடும்போது நெல் சுணை ஜன்னல் வழியாக வந்து எல்லாவற்றிலும் படியுமே, அந்த நாட்களில் தைத்து முடித்ததும் உறை போட்டு மூடிவிடுங்கள். வாரம் ஒருமுறை பாபின் கேஸை எடுத்துப் பஞ்சைப் பிரஷ்ஷால் வெளியே இழுத்துத் துடையுங்கள். வாயால் ஊத வேண்டாம், ஈரமும் பஞ்சும் உள்ளேதான் போகும்.

சரி, நூறு தையல். உங்கள் தொழிலுக்கு ஆறு போதும். நேர்த்தையல், ஜிக்ஜாக், ஓரம் பிசிறாமல் அடிக்கும் தையல், எலாஸ்டிக்குக்கு மூன்று குத்து ஜிக்ஜாக், மடிப்பு வெளியே தெரியாத பிளைண்ட் ஹெம், பட்டன் மாட்டும் ஓட்டைக்குக் காஜா. நேர்த்தையலில் 2.5 என்று காட்டுவது மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலத்துக்குச் சுமார் 10 தையல். ஜாக்கெட்டுக்கு 2 முதல் 2.5, அளவு பார்க்க ஓட்டும் தற்காலிகத் தையலுக்கு 4. ஓரம் அடிக்கும் தையல் ஓவர்லாக்குக்கு ஈடாகாது, அது ஓரத்தை வெட்டிக்கொண்டே மூன்று நாலு நூலில் பின்னும், இதில் அந்த வேலை நடக்காது, ஆனால் லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்குத் தாராளமாகப் போதும். பீக்கோவுக்குப் பீக்கோ மெஷின்தான், ஃபால்ஸ் ஓரத்துக்குப் பட்டுப் புடவையில் இன்றைக்கும் நான் கையைத்தான் நம்புகிறேன். ஆரி வேலை இதில் வராது. எம்பிராய்டரி என்று பெட்டியில் பூ படம் போட்டிருந்தாலும் இது தைக்கும் பூ ஊசி ஆடும் அகலத்துக்குள், பல மெஷின்களில் 7 மில்லிமீட்டருக்குள்தான். ஃபிரேம் மாட்டிப் பெரிய டிசைன் போடுவது வேறு மெஷின், வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுக்கும் முன் இதை மனதில் வையுங்கள்.

உங்களுக்கு இது உண்மையில் லாபம் தருவது காஜாவில். காஜா ஃபுட்டின் பின்பக்கம் ஒரு சின்னத் தொட்டில் மாதிரி இருக்கும், சட்டைக்கு வைக்கப்போகும் பட்டனையே அதில் வைத்து இறுக்கினால் அந்த அளவுக்கு மெஷின் காஜா போட்டுவிடும். ஃபுட்டுக்குப் பின்னால் இடது பக்கம் கீழே இழுக்கும் ஒரு லீவர் இருக்கும், அதை இறக்காவிட்டால் மெஷின் ஓடாமல் எழுத்துக் காட்டும். துணிக்கு அடியில் கேன்வாஸ் துண்டு வையுங்கள். எத்தனை சட்டை தைத்தாலும் முதல் காஜா வெட்டுத்துணியில்தான்.

முதல் வாரம் வாடிக்கையாளர் துணி எதையும் இதில் ஏற்ற வேண்டாம். இரண்டு மீட்டர் காடாத் துணி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே சிவப்பு நூல், பாபினில் நீல நூல். இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் சிவப்பு எட்டிப் பார்த்தால் மேல் நூல் தளர்வு, மேலே நீலம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் நூல் இறுக்கம். மேல் டென்ஷன் வழக்கமாக 3க்கும் 5க்கும் நடுவில் சரியாகும், ஒரு நேரத்தில் அரை எண் மட்டும் திருப்புங்கள். பாபின் கேஸில் இருக்கும் குட்டித் திருகாணியைத் தொடாதீர்கள். காடாவில் சரியானதும் பாப்ளின், அப்புறம் வழுக்கும் லைனிங், கடைசியில் பட்டு வெட்டுத்துண்டு, ஒவ்வொன்றிலும் எந்த ஊசி, எந்த எண் என்று துணியோடு ஒரு சீட்டில் எழுதி ஊசிகுத்தி வையுங்கள். அந்தச் சீட்டுதான் அடுத்த பத்து வருஷத்துக்கு உங்கள் புத்தகம்.

கரண்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், அதனால் உங்கள் மெஷின் இங்கே ஓடும், பிளக் முள் மட்டும் தட்டையாக இருக்கும், நல்ல அடாப்டர் போதும். இருந்தாலும் மெஷினின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளில் 220 முதல் 240 என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் மெஷினில் 120 என்று இருக்கும், அதை நேராகச் சொருகினால் அன்றோடு சரி. குறுவைக்குப் பம்ப்செட் எல்லாம் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கித் திரை வெளிச்சம் மங்கினால் தையலை நிறுத்திவிடுங்கள், ஸ்டெபிலைசர் ஒன்று போடுவது நல்லது. இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவுங்கள்.

அதனால்தான் பழையதை விற்க வேண்டாம் என்கிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு உங்கள் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அப்போது ஓடியது பெடல் மெஷின்தான். அது ஒருபக்கம் இருக்க, இந்த வீட்டு மெஷின்கள் நிமிஷத்துக்கு 700, 850 தையல் என்ற அளவில் ஓடுபவை, மே, ஜூன் யூனிஃபார்ம் சீசனில் நாள் முழுக்க விடாமல் ஓட்டினால் சூடேறும். கனமான நீளத் தையலைப் பழையதில் ஓட்டி, காஜா, ஓரம், எலாஸ்டிக், பிளைண்ட் ஹெம் என்று மீதியைப் புதியதில் போடுங்கள். என் கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன.

இன்றைக்கு ராத்திரி ஃபுட்டைத் தூக்கி வைத்துக் கோத்துப் பாருங்கள். அப்படியும் கூடு கட்டினால் சிவப்பு, நீலம் போட்டு ஒரு சாண் தைத்து, துணியின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், கூடவே திரையில் வந்த எண்ணையும், மெஷினின் மாடல் பெயரையும் எழுதுங்கள். மேல் பக்கத்துப் படம் வேண்டாம், அதில் எனக்கு ஒன்றும் தெரியாது.